சுப்பம்மாள் இறங்கிய தண்ணீர்

போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், என்றைக்காவது ஒரு நாள் கான்டிராக்டர் சொக்கலிங்கத்தின் நீச்சல் குளம் பேச்சில் வரும். குளம் வந்தால் கூடவே மெஷினும் வரும். கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்த மெஷின், தரையில் கிடக்கிற ஊசியைக்கூட உறிஞ்சி வெளியே துப்புகிற மெஷின், அது ஓடினால் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். இதையெல்லாம் சொல்கிறவன் அந்தக் குளத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். நாலு பேர் தலையாட்டுவார்கள்.

அந்தக் கான்டிராக்டரிடம் டிரைவராக இருந்த குருநாதனுக்கு அப்போது டீ உள்ளே இறங்காது.

அந்த மெஷின் சேற்றில் ஒரு கையளவுகூட ஒழுங்காக எடுத்ததில்லை. வந்த வருஷமே உப்பு அதைத் தின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்தக் குளத்தைப் பளிங்காக வைத்திருந்தது சுப்பம்மாள். ராமநாதபுரம் ஜில்லா, மண்டபத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. ரத்தமும் சதையுமான மனுஷி. அவள் பேரை ஒருத்தனும் சொல்வதில்லை. துருப்பிடித்த இரும்புக்குப் பேர் கிடைத்துவிட்டது. இந்த ஆத்திரத்தை அவன் எத்தனையோ வருஷமாகச் சுமக்கிறான். பத்துபஸ்தி வீட்டில் அவன் பெண்டாட்டி செல்லம்கூட, "அந்தப் பொம்பளை திக்லிபூர்ல நிம்மதியா நெல்லு காயப்போட்டுக்கிட்டு இருக்கா. நீ இங்க உக்காந்து பல்லைக் கடி" என்பாள். கடிக்கத்தான் செய்வான். அவனும் விட்டுவிட்டால் ஊரில் மெஷின் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

சொக்கலிங்கம் காரைக்குடிப் பக்கத்துக்காரர். ரங்கூனில் இருந்த கடையை இழந்துவிட்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்தமானுக்கு வந்து மரக் கான்டிராக்ட் எடுத்தார். படாக் மரம் அவரைத் தூக்கி நிறுத்தியது. ஹேடோவில் கடலைப் பார்த்த சரிவில் பங்களா கட்டினார். ரங்கூனில் எவனோ வெள்ளைக்காரன் வீட்டு நீச்சல் குளத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் அவர். உள்ளே விட்டிருக்க மாட்டார்கள் என்பது குருநாதனின் எண்ணம். அன்றைக்கு மனசில் விழுந்த ஆசை, காசு வந்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் போர்ட் பிளேரில் குளத்துக்கு நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? பங்குனி வந்தால் குடிக்கிற தண்ணீருக்கே குழாயடியில் குடங்கள் சண்டை போடும். அதனால் பங்களாவுக்குக் கீழே பாறையை உடைத்து, சிமென்ட் பூசி, கடலையே உள்ளே விட்டுக்கொண்டார். கடல் பக்கத்துச் சுவரில் ஒரு வாசல். அதில் ஏறி இறங்குகிற படாக் பலகைக் கதவு. வெளியே கயிற்று வலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக ஏறும். அப்போது கதவைத் தூக்கினால் புதுத் தண்ணீர் வரும், கடல் வற்றும்போது தூக்கினால் பழசு போகும். இடைப்பட்ட நாட்களில், அஷ்டமி நவமி வாக்கில், கடல் அந்த வாசலுக்கு எட்டாது. நின்ற தண்ணீர் வெயிலில் வெந்து பச்சை பிடிக்கும்.

இதில் கட்டும்போதே ஒரு கோளாறு விழுந்துவிட்டது. குளத்தின் ஆழமான பாதி, வற்றிய கடலைவிடத் தாழ்வு. கடல் எவ்வளவு வற்றினாலும் அங்கே இரண்டு ஆள் தண்ணீர் நிற்கும். இலை, சேறு, செத்த சொறிமீன், கடல் கொண்டுவருகிற அத்தனையும் அந்தப் பள்ளத்தில் போய்த்தான் படுக்கும். அதை இறைக்க வந்ததுதான் கல்கத்தா மெஷின்: ஒரு டீசல் எஞ்சின், அதோடு கோத்த ஒரு பம்பு. முதல் மழைக்காலம் முடிவதற்குள் பம்புக்குள் இருந்த இறக்கைகளை உப்பு அரித்துவிட்டது. எஞ்சின் ஓடும், புகை விடும், அதிரும், அக்கம்பக்கத்து நாய்கள் குரைக்கும். தண்ணீர் மட்டும் வராது. மாற்றுச் சாமான் இந்தக் கப்பலில் வரும், அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். எத்தனையோ கப்பல் வந்தது.

குளம் பச்சையாயிற்று, பிறகு கறுத்தது. முதலாளி மரக்கட்டை அடுக்குகிற தம் மரத்தொட்டியிலிருந்து நாலு கூலி ஆட்களை வரவழைத்து, நீள மூங்கிலைக் கையில் கொடுத்துத் துழாவச் சொன்னார். ஜீப் டிரைவர் குருநாதனும் வேலையில்லாத நேரத்தில் ஒரு மூங்கிலைப் பிடிக்கவேண்டியதாயிற்று. அந்த நாலு பேரில் கந்தன் ஒருத்தன், சுப்பம்மாளின் புருஷன். அவனுக்கு மத்தியானக் கஞ்சி கொண்டுவந்தவள் கரையில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"என்னண்ணே, மோர் கடையிறீகளா?"

குருநாதனுக்குச் சுருக்கென்றது. "அடியில சேறு. கம்பு எட்டுது. சேறு வரமாட்டேங்குது."

"சேறு என்ன, கம்பைப் புடிச்சுக்கிட்டு ஏறி வருமா? எறங்கி அள்ளணும்."

"யாரு எறங்குறது? ரெண்டாளு ஆழம்."

"எறங்கத் தெரிஞ்சவ எறங்க வேண்டியதுதான்" என்றாள். கஞ்சிச் சட்டியைக் கந்தன் கையில் கொடுத்தாள். கந்தன், "ஏ, சும்மா வா புள்ள, முதலாளி பாத்தா வைவாரு" என்று முனகுவதற்குள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்து இறுக்கிச் செருகிக்கொண்டு, ஒரு பெரிய மூச்சை வாங்கி, கறுப்புத் தண்ணீருக்குள் சத்தமில்லாமல் போய்விட்டாள்.

குருநாதனுக்கு நீச்சல் தெரியாது. மதுரைக்கு மேற்கே, வானம் பார்த்த காட்டில் பிறந்தவன். முதன்முதலில் இடுப்புக்கு மேல் தண்ணீரைப் பார்த்ததே மெட்ராஸ் துறைமுகத்தில்தான். மூங்கிலைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் போயிற்று. அவனுக்கே மூச்சு முட்டியது. "யோவ், உன் பொண்டாட்டி போயிட்டாய்யா" என்று கந்தன் பக்கம் திரும்பினால், கந்தன் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். "வருவா" என்றான்.

வந்தாள். வாயால் ஒரு சீழ்க்கைச் சத்தத்தோடு மூச்சை விட்டபடி வந்து, இரண்டு கை நிறையச் சேற்றைக் கரையில் வைத்தாள்.

மண்டபம் பக்கத்துக் கடலில் பெண்கள் முழுகிப் பாசி எடுப்பார்கள். இடுப்பில் சாக்குப்பை, விரலில் துணிச்சுற்று, பாறையைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்து பறிப்பார்கள். சுப்பம்மாள் பத்து வயதில் அதில் இறங்கியவள். அவளுக்கு இந்தக் குளம் பெரிய விஷயமே இல்லை. முதலாளி மாடியிலிருந்து பார்த்தார். அன்றைக்கே வேலை அவளுக்கு என்றாகிவிட்டது.

அவள் வேலை செய்த விதத்தைக் குருநாதன் எத்தனையோ விடியலில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். கடல் வற்றுகிற நேரம் பார்த்துக் கதவைத் தூக்குவாள். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் ஆழமில்லாத மேட்டுப் பாதியில் நின்று, தேங்காய் மட்டையால் சுவரை மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டே தண்ணீரோடு இறங்குவாள். காய்ந்தால் பாசி ஒட்டிக்கொள்ளும், ஈரத்திலேயே தேய்க்கவேண்டும். சிப்பியும், கல்லாக ஒட்டுகிற கொட்டலசும் பிடித்த இடத்துக்கு மட்டை பத்தாது. ஜீப்பின் உடைந்த பட்டைத் தகட்டைக் குருநாதன் காய்ச்சி அடித்துக் கூராக்கிக் கொடுத்தான். சுரண்டாமல் விட்ட ஒரு சிப்பி போதும், குளிக்க வருகிறவன் உள்ளங்காலைப் பிளந்துவிடும். மேட்டை முடித்துவிட்டுப் பள்ளத்தில் முழுகுவாள். சாக்கு நிறையச் சேறு, ஏறுவாள், கொட்டுவாள், மறுபடியும் போவாள். கலங்கின தண்ணீர் தெளிய ஒரு கடலேற்றம் ஆகும். அடுத்த ஏற்றத்துக்கு வலையைக் கழுவிக் கட்டிவிட்டு, கதவைத் திறந்து புதுக் கடலை உள்ளே விடுவாள். இதில் இறங்கிச் செய்கிற வேலை அத்தனையும் பங்களாவில் காப்பி போடுவதற்குள் முடிந்தாகவேண்டும்.

ஏன் அப்படி என்றால், ஆச்சியின் உத்தரவு. முதலாளியின் மனைவி மரகதம் ஆச்சி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "அவ எறங்குன தண்ணின்னு தெரிஞ்சா வர்றவுக எறங்குவாகளா? யாரு கண்ணுலயும் படாம வந்துட்டுப் போயிரணும்."

முதலில் வந்த விருந்தாளி கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர். தண்ணீரைப் பார்த்துவிட்டு எப்படி இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். முதலாளி ஒரு நொடி யோசித்தார். பிறகு ஓலைக் கொட்டகையைக் காட்டி, "கல்கத்தா மெஷின்" என்றார். அவர் மெஷினைப் பார்க்க ஆசைப்பட்டார். முதலாளி குருநாதனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். குருநாதன் போய் எஞ்சினைச் சுற்றிவிட்டான். அது வெறுமனே அதிர்ந்தது. விருந்தாளி தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்குத் தொடங்கியது அந்த வழக்கம். யார் வந்தாலும் எஞ்சின் ஓடவேண்டும்.

சுப்பம்மாள் அதை முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்து சமையல்கட்டுப் பின்வாசலில் நின்று, "டிரைவரண்ணே, மெஷினுக்கு டீசல் வந்திருச்சா?" என்பாள். அவன் டீயை நீட்டுவான். "பால் கம்மியா இருக்கே. இப்புடி ஊத்துனா கல்கத்தாவுக்குத் திரும்பிப் போயிருவேன், பாத்துக்கங்க." சமையல்காரன் சிரிப்பான். வருஷங்கள் அப்படியே போயின.

அந்த வேடிக்கை அவள் காதோடு போயிற்று.

ஒரு கார்த்திகை மாதம். மழையில் மேட்டு மண் சரிந்து பள்ளத்தில் நிறையச் சேறு. அவளுக்கு ஏற்கெனவே சளி. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முழுகி முழுகி எழுந்ததில் இடது காது வெடித்துவிட்டது. கன்னத்தில் ரத்தம் வடிய, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். கந்தன் அவளை மரத்தொட்டியில் இருந்த கான்டிராக்டரின் ஆபீசுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனான். வேலையில் அடிபட்டவர்களுக்கு அங்கிருந்து சீட்டு வாங்கினால்தான் வைத்தியச் செலவு. அன்றைக்குச் சம்பள நாள், ஆபீஸ் வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

கிளார்க் திருநாவுக்கரசு ஏற இறங்கப் பார்த்தார். "எங்க அடிபட்டுச்சு?"

"முதலாளி குளத்துல, அய்யா. முழுகுறப்ப."

"குளத்துல நீ எதுக்கு முழுகின? அதுக்கு மெஷின் இருக்கு. நானே ஓடுறதப் பாத்திருக்கேன்."

"மெஷினு எங்கய்யா இழுக்குது. நான்தான் எறங்குறேன்."

"பொய் சொல்லாத. மருந்துக்காகப் பொய் சொல்ற ஆளை எத்தனை பாத்திருப்பேன். போ, போ."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொய்க்காரி என்று ஒருத்தன் சொன்னதும் அவள் காதில் விழுந்தது. நல்ல காதில். முதலாளி உள்ளறையில்தான் இருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

குருநாதன் ஜீப்பில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். திரும்பும்போது, காதில் பஞ்சோடு, "ஒரு வேலை செஞ்சா செஞ்சேன்னு சொல்லக்கூடாதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள். அவன் கியரை மாற்றினான்.

அடுத்த பௌர்ணமிக்கு அவள் வரவில்லை. முதலாளி ஆள் அனுப்பினார். காது ஆறிவிட்டது, ஆனால் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். குருநாதனையே போகச் சொன்னார். அவன் கூலிக்காரர்களின் லைன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"முதலாளி கூப்பிடுறாரு."

"மெஷினைக் கூப்பிடச் சொல்லுங்க."

"சுப்பம்மா, என்னதான் வேணும் உனக்கு? அதையாவது சொல்லு."

"குளத்தைச் சுத்தம் பண்றது சுப்பம்மான்னு அவுக வாயால சொல்லணும். எங்கிட்ட இல்ல, எனக்கே தெரியும். மெஷினுன்னு யாருக்கிட்ட சொன்னாகளோ அந்தமாதிரி ஆளுகள வச்சுக்கிட்டுச் சொல்லணும். பொறவு எறங்குறேன்."

குருநாதன் அதை அப்படியே வந்து சொன்னான். முதலாளி, "திமிரு" என்றார். கந்தனைக் கூப்பிட்டுப் பெண்டாட்டியை அடக்கி வைக்கச் சொன்னார். கந்தன் கையைக் கட்டிக்கொண்டு, "அவ தண்ணிக்குள்ளயே அடங்காதவ முதலாளி, கரையில நான் எங்க அடக்குறது?" என்றான். அந்த ஆள் வாழ்நாளில் முதலாளி முகத்துக்கு நேரே பேசியது அது ஒன்றுதான்.

மூங்கில் மறுபடியும் வந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டை வந்தது. வலைக்குள் இருந்த மீன்குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பாசி கொஞ்சம் வெளுத்தது, சேறு அப்படியே கிடந்தது, நாற்றம் மாடிவரைக்கும் ஏறியது. சுப்பம்மாள் சாயங்காலமானால் வந்து, சரிவுக்கு மேலே ரோட்டோரத்துக் கல்லில் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அது பொது ரோடு. ஆச்சி சன்னலைச் சாத்திக்கொள்வார்.

தை அமாவாசை நெருங்கியது. அன்றைக்கு முதலாளி அந்தக் குளத்தில்தான் தம் அப்பச்சிக்கு, காலமான தகப்பனாருக்கு, எள்ளும் தண்ணீரும் விடுவது வழக்கம். கடல் தண்ணீர்தானே, ராமேஸ்வரத்துக்குச் சமம் என்பார். உண்மையில் அவருக்கு அலை என்றால் பயம். சுவருக்குள் அடங்கிய கடல்தான் சௌகரியம். இந்த வருஷம் நாறுகிற தண்ணீரில் அப்பச்சியை எப்படிக் கூப்பிடுவது?

அமாவாசைக்கு முந்தின நாள் விடியலில், யாரும் கூப்பிடாமல், சுப்பம்மாள் சாக்கோடும் தகட்டோடும் வந்து நின்றாள். குருநாதன் ஜீப் கழுவிக்கொண்டிருந்தான்.

"சொல்லிட்டாரா என்ன?"

"இல்ல. செத்தவுகளுக்கு எங்கிட்ட என்ன சண்டை? அவுகளுக்காக எறங்குறேன். அவுக மகனுக்காக இல்ல."

அன்று காலை வற்றத்திலும் சாயங்கால வற்றத்திலும் இறங்கினாள். காதில் எண்ணெய் நனைத்த பஞ்சை அடைத்து, மேலே துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். ராத்திரி ஏற்றத்தில் கடல் வந்து குளத்தை நிறைத்தது.

காலையில் முதலாளி மேட்டுப் பாதியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். விரலில் தர்ப்பை. கரையில் புரோகிதர். காலுக்குக் கீழே சிமென்ட் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. மந்திரம் முடிந்தது, எள்ளை விட்டார், மூன்று முழுக்குப் போட்டு எழுந்தார். எழுந்தால் எதிரே, குளத்தின் விளிம்பில், சுப்பம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"முதலாளி, தர்ப்பையைக் கழட்டாதீக. ஒண்ணு கேக்கணும்."

புரோகிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையைக் காட்டித் தடுத்தார்.

"இந்தத் தண்ணிய யாரு சுத்தம் பண்ணுனது?"

முதலாளி சுற்றிப் பார்த்தார். புரோகிதர், குருநாதன், மாடியில் ஆச்சி. தர்ப்பை விரலில் இருந்தது. அப்பச்சிக்கு விட்ட எள் இன்னும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. "நீதான்" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. இந்தப் பக்கத்துக் காது உங்க குளத்துக்குள்ள கெடக்கு."

"நீதான், சுப்பம்மா."

"வர்றவுகக்கிட்டயும் இதச் சொல்லுவீகளா?"

"சொல்றேன்."

"அப்பச்சி கேட்டுக்கிட்டு இருக்காக" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தைக் குருநாதன் பார்த்தான். பின்வாசலில் டீயை வாங்கி, பாலைப்பற்றி ஒன்றுமே சொல்லாமல் குடித்தாள்.

அடுத்து வந்த பௌர்ணமிக்கு டில்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு. முதலாளி கப்பலடிக்கே போய் மாலை போட்டு அழைத்துவந்தார். சுப்பம்மாள் முந்தின நாளே வேலையை முடித்துவிட்டிருந்தாள். விருந்தன்று காலையில் வெளுத்த சேலை கட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, கந்தனையும் கூட்டிக்கொண்டு வந்து பாதாம் மரத்தடியில் ஒதுங்கி நின்றாள். பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்று நின்றாள்.

அதிகாரியும் அவர் மகள்களும் மேட்டுப் பாதியில் இறங்கிக் குளித்தார்கள். அதிகாரி ஆழத்தை எட்டிப் பார்த்தார். அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. இந்தியில் கேட்டார், இவ்வளவு சுத்தமாக எப்படி என்று.

முதலாளி பாதாம் மரத்தைப் பார்த்தார். சுப்பம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். முதலாளியின் முகம் திரும்பிவிட்டது.

"கல்கத்தா கா மெஷின், சாப்" என்றார். "குருநாதா, போடு."

குருநாதன் கொட்டகை வாசலில் நின்றான். கை எஞ்சினைச் சுற்றுகிற கம்பியில் இருந்தது. சுற்றவில்லை. முதலாளி மறுபடியும், "போடுறா" என்றார். அவன் கம்பியைத் தரையில் போட்டான். அது சிமென்ட்டில் விழுந்த சத்தம்தான் கேட்டது.

அதற்குள் சுப்பம்மாள் நடந்துவிட்டிருந்தாள். வெளுத்த சேலையை இழுத்துச் செருகியபடியே, நாற்காலிகளுக்கு நடுவே, டிரே தூக்கி நின்றவனை ஒதுக்கிவிட்டு, அதிகாரியின் மனைவிக்கு முன்னால் போய், தண்ணீருக்குள் போய்விட்டாள். பட்டப்பகலில். எல்லார் கண்ணும் பார்க்க.

அதிகாரியின் மகள்கள் கத்தினார்கள். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று மற்ற விருந்தாளிகள் ஓடிவந்தார்கள். தண்ணீர் தெளிவாக இருந்ததால் அவள் கீழே தவழ்ந்து போவது தெரிந்தது. ஏணிக்கு அடியில், சுவர் உள்வாங்கின மூலைக்குப் போனாள். வெகுநேரம் அங்கே இருந்தாள். பிறகு அந்தச் சீழ்க்கை மூச்சோடு எழுந்து வந்து, கை நிறையக் கறுத்த சேற்றை முதலாளியின் வெள்ளைச் செருப்புக்கு முன்னால் வைத்தாள்.

"இது உங்க மெஷினு விட்ட மிச்சம்" என்றாள்.

அந்த மூலையை அவள் வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருந்தாள். தர்ப்பை கழன்றுவிட்டால் மனுஷன் எப்படி மாறுவான் என்று யோசித்திருக்கிறாள்.

முதலாளி வாயைத் திறக்கவில்லை. திறந்தது ஆச்சி. படியில் வேகமாக இறங்கிவந்து, ஆத்திரத்தில் முன்பின் பார்க்காமல் கத்தினார்: "இத்தனை வருசமா விடியல்ல களவாணி மாதிரி எறங்குனது பத்தாதா உனக்கு? ஊரு முழுக்கப் பாக்க எறங்கணுமாடி? இனி இந்தத் தண்ணியில எவ காலு வைப்பா?"

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது என்ன என்று ஆச்சிக்கே தெரிந்தது. தமிழ் தெரிந்த விருந்தாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கரைக்கு வந்து நின்ற குருநாதனைப் பார்த்து, "க்யா போலா?" என்றார்.

முதலாளி குருநாதனைப் பார்த்த பார்வையில் ஜீப், சம்பளம், குடியிருந்த அறை எல்லாம் இருந்தது. குருநாதன் படித்தது நாலாம் வகுப்பு. இந்தி அவன் பஜாரில் பொறுக்கியது. பொறுக்கியதை வைத்துச் சொன்னான். இந்த அம்மா பேர் சுப்பம்மா. வருஷக்கணக்காக இந்தக் குளத்தைச் சுத்தம் செய்வது இந்த அம்மாதான். மெஷின் தண்ணீர் இழுக்காது, சாப். சத்தம் மட்டும்தான் போடும்.

அதிகாரியின் மனைவி மகள்களைக் கூப்பிட்டுக் கரையேற்றிக்கொண்டார். அது அவள் இறங்கியதாலா, வேறெதற்காகவா, யாருக்குத் தெரியும்? அதிகாரி ஏறவில்லை. சேற்றைப் பார்த்தார், சுப்பம்மாளைப் பார்த்தார். "தபீ தோ சாஃப் ஹை" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீரில் முங்கினார். அதனால்தான் இப்படிச் சுத்தமாக இருக்கிறது என்றாராம். குருநாதன் அதை அவளுக்குச் சொன்னான். அவள் அதைக் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை. முதலாளியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அது திறக்கவில்லை.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். தனியறை, கதவு சாத்தியிருந்தது. குருநாதன் வெளியே நின்றாலும் எல்லாம் கேட்டது.

"கூலியைக் கூட்டித் தாரேன். காதுக்கும் செலவு பண்றேன். போய் வேலையைப் பாரு. அதான் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே."

"ஆச்சி வைதாக. டிரைவரண்ணன் சொன்னாக. நீங்க சொல்லல."

"நான் வேற தனியாச் சொல்லணுமா? என் மரியாதை என்னாகுறது?"

"உங்க மரியாதை அந்தச் சேத்துக்கு அடியில கெடந்தா, எறங்கி நீங்களே எடுத்துக்கங்க முதலாளி. நான் இனி எறங்கமாட்டேன்."

கந்தனுக்கு மரத்தொட்டியில் வேலை நின்றது. குருநாதனிடமிருந்து ஜீப்பைப் பிடுங்கி, பிரேக் சரியில்லாத மரலாரியைக் கொடுத்தார்கள். விட்டுவிட்டுப் போவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் போகவில்லை. லாரியை ஓட்டினான். முதலாளி ரோட்டில் எதிர்ப்பட்டால் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனான்.

கந்தனின் அண்ணன் தீவின் வடக்கே திக்லிபூரில் காடு வெட்டி நெல் போட்டிருந்தான். அங்கே போவது என்று முடிவாயிற்று. கப்பல் புறப்படுகிற அன்று குருநாதன் மர லோடை இறக்கிவிட்டு, யாரையும் கேட்காமல், அந்த லாரியிலேயே அவர்கள் சாமானை ஏற்றிக்கொண்டு ஃபீனிக்ஸ் பே கப்பல்துறைக்குப் போனான். இரண்டு தகரப்பெட்டி, ஒரு அம்மி, பாய்ச் சுருட்டு. கந்தன் சாமானோடு ஏறிவிட்டான். சுப்பம்மாள் துறைமேடையில் நின்றாள். கீழே தண்ணீரில் எண்ணெய் மிதந்தது, கயிற்றுக் கட்டைகளில் கொட்டலசு மொய்த்திருந்தது. அதைப் பார்த்தாள். கை துறுதுறுத்திருக்கும்.

"அங்க ஆறு இருக்காம்" என்றான் குருநாதன்.

"இருக்கட்டும். குடிக்க ஆகும்."

"கோவமா இருக்கியா சுப்பம்மா?"

"கோவமில்லாம? சாகுற வரைக்கும் இருக்கும். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

கப்பல்காரன் இந்தியில் சத்தம் போட்டான், பலகையை எடுக்கப் போகிறார்கள் என்று. அவள் நல்ல காதை அவன் பக்கம் திருப்பவில்லை. குருநாதன் முகத்தை நேராகப் பார்த்தாள். அதற்கப்புறம் அவன் அவளைப் பார்த்ததில்லை.

"டிரைவரண்ணே, அந்தக் குளம் சும்மா கெடக்காது. நாளைக்கே எவளையாச்சும் எறக்குவாக, எஞ்சினைச் சுத்தச் சொல்லுவாக. நீங்க போய் அவ பேரைக் கேளுங்க. கேட்டு, கடையில, ரோட்டுல, ஆபீசுல, ஆம்பள பொம்பள எல்லாருக்கிட்டயும் அவ பேரைச் சொல்லுங்க."